மூஞ்சூறும் உறைந்த எண்ணெயும்

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் அதை வரைந்தேன். டைனோசர் காலத்தில் பூச்சி தின்று வாழ்ந்த, விரல் நீளப் பிராணி. மண்ணுக்குள் கிடைத்தது ஒரு தாடையும் சில பற்களும்தான். மீதியெல்லாம் ஆராய்ச்சியாளர்களின் ஊகம். நானும் என் பங்குக்கு நீண்ட மூக்கு வைத்தேன், மீசை வைத்தேன்.

"சார், இது எங்க வீட்டு மூஞ்சூறு!" என்று பின்வரிசை சிரித்தது. கிட்டத்தட்ட அதே சாயல்தான் என்று பெருமையாக ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையெல்லாம் வகுப்போடு சரி. மறுநாளே அட்டன் டவுனில் எலி பிடிக்கும் பசை அட்டை வாங்கிவந்து அடுப்படிச் சுவரோரம் வைத்தேன். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் என் மனைவி அப்போதே சொன்னாள்: "செவுத்தோரமா வைக்காதீங்க. மூஞ்சூறு அந்த வழியாத்தான் போகும். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது." விஞ்ஞான வாத்தியாருக்கே பாடமா என்று சுருக்கென்றது. நான் அட்டையை நகர்த்தவில்லை.

விடிந்தபோது எலி இல்லை. மூஞ்சூறுதான் வயிறும் காலும் பசையில் ஒட்டிக்கொண்டு கீச்சிட்டது. டைனோசரையே பார்த்துவிட்டு வந்த பிராணியின் சாயல், என் அட்டையில் மாட்டிக் கிடந்தது. இழுத்தால் தோல் உரிந்துவிடும்.

"தேங்காயெண்ண விட்டா கழண்டுரும்," என்று அவள் போத்தலை எடுத்தாள். தைமாதக் குளிரில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. விறகு ஈரம், அடுப்பும் பற்றவில்லை. கீச்சொலி குறைந்துகொண்டே வந்தது.

"கரப்பான் திங்கிற உசுரு. புள்ளையாரு வாகனம் வேற. இது செத்துச்சுன்னா என்கூட கோயிலுக்கு வராதீங்க," என்றவள், போத்தலைச் சுவெட்டருக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குந்தினாள். அவள் பற்கள் தந்தியடித்தன. நான் தலையைத் தூக்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் மெல்ல இளகியது. சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு காலாக விடுவித்தாள். பழந்துணியில் சுற்றி இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். அது அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து மூக்கு துடித்தது. பிறகு நழுவி, அதே சுவரோரமாக ஓடி விறகுக் குவியலுக்குள் புகுந்துகொண்டது. அடுப்பு ஒருவழியாகப் பற்றியதும் அட்டையை நானே எடுத்து மடித்து எரித்தேன்.

திங்கட்கிழமை ஒரு மாணவி கேட்டாள்: "சார், டைனோசரெல்லாம் குளிர்ல செத்தப்ப நீங்க வரைஞ்ச அந்தக் குட்டிப் பிராணி மட்டும் எப்படித் தப்பிச்சுச்சு?"

"உடம்பிலேயே சூடு இருந்தது" என்று பலகையில் எழுதினேன். எங்கள் வீட்டு மூஞ்சூறு யாருடைய சூட்டில் தப்பியது என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.