படத்தில் விழாத கதவு

சின்னமனூரில் ஒரு காதணி விழா. தாய்மாமன்களை மேடையில் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தனக்கொடி அக்காவின் அண்ணன் மகன். "அண்ணே, அத்தை போயிட்டாக. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாக. தேனிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." மேடையில் எல்லாரும் சிரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தை எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். அக்காவும் அப்படித்தான் செய்திருப்பார்.

உத்தமபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அக்காவை இந்தப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. எத்தனையோ கல்யாணங்களில் அவர் போட்டோ, நான் வீடியோ. பிற்காலத்தில் அவர் எடுத்த படங்கள் உங்களில் சிலர் வீட்டில் மாட்டியிருக்கும். ஓரமெல்லாம் காலி நாற்காலியும் கழற்றிப் போட்ட செருப்புமாக ஏன் கிடக்கிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் அதை மறைத்ததில்லை. கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறார். கேட்காமல் போனவர்களுக்காக இப்போது நான் சொல்கிறேன்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் கவிதா என்ற பெண்ணின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் அண்ணன் தம்பி, சித்தப்பா, பங்காளி என்று மேடை கொள்ளாத கூட்டம். பெண்ணுக்கு அம்மா பேச்சியம்மாள் மட்டும்தான். தோட்ட வேலைக்குப் போய் மகளை வளர்த்தவர். குடும்பப் படத்துக்கு நின்றபோது அவர் கூசிப்போனார். "அம்புட்டுப் பேருக்கு முன்னால நான் ஒருத்தி என்னத்துக்கு? எறங்கிக்கிறேன் தாயி."

"நில்லுங்கம்மா" என்றார் அக்கா. மாப்பிள்ளை வீட்டாரை நெருக்கி இரண்டு வரிசையாக்கினார். பேச்சியம்மாளை மகளுக்கு மறுபக்கம், ஒரு கை தள்ளி நிறுத்தி, சுற்றி இருந்த பூக்கூடை, சீர்த்தட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தவர்களின் கண் நேராக அந்த அம்மாளிடம்தான் போனது. "தனியா நிக்கிறவுகளைச் சுத்தி எடம் விட்டுட்டா, பத்துப் பேரு கனம் கனப்பாக" என்றார் அக்கா. ஒரு படத்தில் எந்தப் பக்கம் கனக்கிறது, எந்தப் பக்கம் மிதக்கிறது என்பதை அவர் கண் தராசு போலச் சொல்லிவிடும்.

அடுத்த வருடம் அந்தக் கவிதா கணவன் வீட்டில் இறந்துபோனாள். உள்ளே தாழ்போட்டுக்கொண்டு தூக்கு மாட்டிக்கொண்டாள், கதவை உடைத்துத்தான் இறக்கினோம் என்றார்கள். இறந்தது பெண் என்பதால் போலீசார் படம் எடுக்க அக்காவை அழைத்திருந்தார்கள். கவிதா தரையில் கிடத்தப்பட்டிருந்தாள். அறைக்குள் நுழையும்போது கதவையும் தாழ்ப்பாளையும் அக்கா பார்த்திருக்கிறார். இரண்டும் முழுசாக இருந்தன. ஆனால் முழு அறையையும் எடுக்க நின்றபோது, திறந்திருந்த வாசலின் வெளிச்சம் கண்ணை இழுத்தது. அந்தப் பக்கம் கனத்தது. பழக்கத்தில் ஓர் எட்டு வலப்பக்கம் நகர்ந்தார். வாசல் படத்துக்கு வெளியே போய்விட்டது. மற்ற படங்களெல்லாம் அருகில் இருந்து எடுத்தவை. மறுநாள் போலீசார் கதவைக் குறித்துக்கொள்ள வந்தபோது அந்தத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது.

கணவன் வீட்டார் மேல் நடந்த வழக்கில் அக்கா சாட்சி சொன்ன அன்று நானும் போயிருந்தேன். கதவு உடையவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தக்கூட இல்லை. "நல்லதும்மா. அது எந்தப் படத்துல இருக்குன்னு காட்டுங்க" என்றார். அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் புரட்டினார். மற்ற சாட்சிகள் எல்லாரும் அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள். வழக்கு நிற்கவில்லை.

அன்று கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் அக்கா கிளாசைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது. "பொணத்தப் போயி அழகா எடுத்திருக்கேன் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கனவு வரும். அந்தப் படத்தின் இடது ஓரம் மெல்ல மெல்ல நகர்ந்து விரியுமாம். சுவர் வரும், சுவரில் மாட்டிய காலண்டர் வரும். "கதவு வர்றதுக்குள்ள முழிச்சிர்றேன். ஒருநாளாச்சும் வந்துட்டா நிம்மதியாத் தூங்குவேன்" என்பார். பகலில் சொல்லும்போதும் அவர் கண் இடது பக்கமே போகும்.

தீர்ப்பு வந்து சில வாரம் கழித்துப் பேச்சியம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது ஒரு படம். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை வீட்டாரையெல்லாம் வெட்டிவிட்டு மகளையும் தன்னையும் மட்டும் பெரிதாகப் போட்டுத் தர வேண்டும். அக்கா கம்ப்யூட்டரில் வெட்டினார். கவிதாவின் தோளில் மாப்பிள்ளையின் விரல்கள் மிஞ்சி நின்றன. அவற்றையும் அழித்தார். விரல்கள் போய்விட்டன. பட்டுச்சேலையில் அவை அழுத்திய மடிப்பு அப்படியே இருந்தது. அதை நிமிர்த்த வெகுநேரம் பாடுபட்டார். மாற்ற மாற்ற அந்த இடம் தெளிவாகிக்கொண்டே வந்தது. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "விட்டுரு தாயி. அது அமுங்குனது அமுங்குனதுதான்" என்றார். அக்கா எழுந்து உள்ளே போனவர் நேரம் கழித்துத்தான் வந்தார்.

அதிலிருந்துதான் அவருடைய படங்கள் மாறின. எங்கே நின்றாலும் பின்னால் போய், பந்தக்கால், ஜெனரேட்டர், கை கழுவுகிறவர்கள் வரை சேர்த்து எடுப்பார். ஆர்டர்கள் குறைந்தன. கூடலூரில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா, "என்னம்மா, படம் ஒரு பக்கமா சாயுது?" என்று கேட்டுவிட்டார். அக்கா கோபப்படவில்லை. "சாஞ்சா சாயட்டும்யா. வெட்டணும்னா பெறகு வெட்டிக்கலாம். விட்டதை எங்கன போயி எடுக்க?"

துக்க வீட்டுக்குப் பேச்சியம்மாள் பஸ் பிடித்து வந்திருந்தார். அக்காவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "கடைசி வரைக்கும் அந்தக் கதவையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தாகளா?"

"ஆமாம்மா."

"நான் அப்பவே சொன்னேன். படத்துல கதவு இருந்திருந்தாலும் அவுக வேற ஒண்ணச் சொல்லித் தப்பிச்சிருப்பாகன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஆனாலும் இருந்திருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல்லை அக்கா கேட்காமல் போனது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. கேமராவை அண்ணன் மகன் எடுத்துக்கொண்டான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பயம். ஒரு காட்சி எல்லாப் பக்கமும் சரியாகப் பொருந்தி, இதற்கு மேல் தொட வேண்டாம் என்று நிற்கும்போது அது வருகிறது. கேமராவைத் தாழ்த்திவிட்டு, படத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. வெறும் சுவர்தான். அதையும் சேர்த்தே எடுக்கிறேன்.