நாகமுத்தர் கொட்டிலில் பிறந்த குட்டி

நாகமுத்தர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய மருமகன், எங்கள் தலைமையாசிரியர். வகுப்பு வாசலில் நின்று சொன்னார். நான் பாடத்தை முடித்த பிறகே வெளியே வந்தேன். நான் உடனே வராததைப் பற்றி எங்கள் கோப்பாயில் பலரும் கதைத்திருப்பார்கள்.

எங்கள் கசப்பு நீங்கள் அறிந்ததுதான். பாடசாலையின் மனேச்சராக இருந்த அவர், தகுதியும் சேவைக்காலமும் கூடிய என்னை விட்டுத் தன் தங்கையின் மகனான அந்த மருமகனுக்குத் தலைமைப் பதவியைக் கொடுத்தார். நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னித்ததாக எழுதவும் மாட்டேன். ஆயினும் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி நீங்கள் கேட்டபோது மறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு பெட்டைக்குதிரை.

ஊருக்குள் மோட்டார் கார் வந்த பின்பும் அவர் குதிரை வண்டியில்தான் திரிந்தார். நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிவந்த குதிரை அது. கேலி செய்தவர்களிடம், "கார் குட்டி போடாது, தம்பி" என்பார். பெற்றோல் கிடைக்காத இந்த உலக யுத்தகாலத்தில் அவருடைய வண்டியை இரவல் கேட்டுப் போனவர்களும் அவர்களே.

அதன் முதற் குட்டி செத்துப் பிறந்தது. அயலெல்லாம் கூடி ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல, மிரண்ட குதிரை பெறாமலே நெடுநேரம் நின்றதாம். அந்தச் சத்தந்தான் குட்டியைக் கொன்றது என்று அவர் நம்பினார்.

பதவி கைவிட்டுப் போனதை அறிந்த மறுநாள், பொழுது புலரும்போது, சண்டை பிடிக்கவென்றே அவர் வளவுக்குப் போனேன். கொட்டிலின் தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் தனியே குந்தியிருந்தார்; உள்ளே குதிரைக்கு இரண்டாம் பேற்று நோவு கண்டிருந்தது. நான் வாய் திறக்குமுன் கையைக் காட்டினார்.

"வாத்தியார், உம்மடை கோவம் எனக்குத் தெரியும். இப்ப கதையாதையும். அவள் குட்டியை அடக்கி வைச்சிருக்கிறாள்."

அப்படியானால் போகிறேன் என்றேன்.

"அசைஞ்சால் இன்னும் அடக்குவாள். இரும்."

என் வாழ்வைக் கெடுத்தவரின் தோளோடு தோள் உரச இருந்தேன். கிடுகு நீக்கலால் பார்த்தோம். குதிரை படுத்தது. வெண்மையான சவ்வுக்குள் முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் வைத்த மூக்கும் வந்தன. பிறகு முழு உடலும் வழுகி வந்தது. சவ்வு கிழிந்து குட்டி மூச்சு விட்ட ஓசை எங்களுக்குக் கேட்டது. அதன் குளம்புகளின் அடியில் நுங்குபோல மெல்லிய சதை விரல்கள் தொங்கின. தாயின் வயிறு கிழியாதிருக்க அவை இருக்கின்றன என்று என் காதுக்குள் சொன்னார். நான் எத்தனையோ நூல்கள் படித்தவன். இதை எந்த நூலிலும் கண்டதில்லை.

குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. தாங்கிப் பிடிக்க நான் எழும்ப, மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"விடும். தானே எழும்பட்டும்."

அது எழுந்து நின்று மடியைத் தேடிக் கண்டுபிடித்தது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனிப் பேசும், கேக்கிறன். ஓம், நான் செய்தது அநியாயந்தான். ஆனால் மாத்தமாட்டன். தங்கச்சிக்கு வாக்குச் சொல்லிப்போட்டன்."

வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஆணோ, பெட்டையோ?" என்று கேட்டேன்.

"பெட்டை" என்றார்.

அந்த அநியாயத்தின் கோபம் இன்றும் என்னுடையது. அதை எவருக்கும் விட்டுக்கொடேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது வேறு. பாடசாலையையும் ஊரையும் அதட்டி ஆண்ட அந்தக் கை, என் மணிக்கட்டைப் பிடித்திருந்த நேரம் முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்தது.