போனில் பறக்குது, வீட்டில் நிக்குது

இன்டர்நெட் ரிப்பேர் பார்க்கப் போகிறவளுக்கு எந்த வீட்டிலும் முதலில் தண்ணீர் கிடைக்கும், அடுத்து புகார் கிடைக்கும், அந்தப் புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: "போன்ல டேட்டா போட்டா பறக்குது மேடம், வீட்டு வைஃபைக்கு வந்தா நிக்குது."

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். வீடியோ மீட்டிங்கில் மேனேஜரின் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்க, வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவுக்குத் தாவியிருப்பீர்கள். என் வீட்டிலும் இதே கதைதான். ஆனால் பெங்களூரில் வீடு வீடாகப் போய், போனில் டேட்டா வேகத்தையும் வைஃபை வேகத்தையும் அளந்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எனக்குப் பிழைப்பு. அளக்கிற பொருளைக் கண்ணால் பார்க்க முடியாது, தொடவும் முடியாது. திரையில் ஒரு முள் எழும்பினால் வந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்தும் அந்த முள் எழும்பும்போது எனக்குக் கொஞ்சம் புல்லரிக்கிறது.

நடுவில் ஒரு மீன் தொட்டி

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட். சேலத்துக்காரர் கார்த்திக், சாஃப்ட்வேர் வேலை, படுக்கையறையில் உட்கார்ந்துதான் ஆபீஸ். அந்த அறையில் டேட்டா நன்றாகவே வந்தது. வைஃபை தவழ்ந்தது. ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் போய் அளந்தால் தலைகீழ். டேட்டாவை வைஃபை தூக்கிச் சாப்பிட்டது.

ஹாலிலிருந்து அறைக்கு முள்ளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓர் இடத்தில் சடாரென்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ஆளுயர மீன் தொட்டி. தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கண்ணெதிரே, தங்க நிற மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூட, முள் விழுவதைப் பார்ப்பது வேறு. ரவுட்டரை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. கார்த்திக் தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளா என் மீட்டிங்க எல்லாம் இதுங்கதான் அட்டெண்ட் பண்ணுச்சா?"

கைகள் உடையும் வீடு

கம்மனஹள்ளியிலிருந்து வந்த புகார் குறுஞ்செய்தியாக வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனதும்தான் தெரிந்தது, உஷாவுக்கும் அவர் கணவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. உஷா போனில் தட்டிக் காட்டினார்: "கோயமுத்தூர்ல அக்கா இருக்கா. வைஃபைல பேசினா என் கை உடையுதுன்னு சொல்றா."

எனக்குப் புரியவில்லை. வேகம் அளந்தேன். டேட்டாவைவிட வைஃபைதான் அதிகம் காட்டியது. எல்லாம் சரி என்று எழுதிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். உஷா விடவில்லை. அக்காவை அழைத்து, அக்கா தன் போன் திரையை இன்னொரு போனில் படம் பிடித்து அனுப்பச் செய்தார். அந்தப் படத்தைப் பார்த்ததும் விளங்கியது. சைகையில் பேசும் உஷாவின் விரல்கள் பாதி வழியில் கட்டம் கட்டமாகச் சிதறி, அடுத்த சொல்லுக்கு எங்கிருந்தோ குதித்தன. காதால் கேட்கிற நமக்குப் படம் நின்றாலும் குரல் வந்தால் போதும். அவர்களுக்குப் படம்தான் குரல்.

நாம் எல்லாரும் பார்ப்பது உள்ளே வருகிற வேகத்தை. உஷாவுக்கு வேண்டியது வெளியே போகிற வேகம். அது வைஃபையில் அதலபாதாளத்தில் கிடந்தது; டேட்டாவில் நன்றாக இருந்தது. அந்த வீட்டு இணைப்பு கம்பியில்லாமல் டவரிலிருந்து நேராக வருவது. அதைப் பிடிக்கும் கருவி இரும்பு பீரோவின் பின்னால் இருந்தது. டவரின் பலத்துக்கு அலை பீரோவைத் தாண்டி உள்ளே வந்துவிடும், இந்தச் சின்னக் கருவி அனுப்புவது வெளியே போகாது. ஜன்னலோரம், டவரைப் பார்த்தாற்போல் மாட்டினேன்.

மறுபடி அக்காவை அழைத்தார். நான்கு கைகளும் பேசத் தொடங்கின. ஒரு சத்தம் இல்லை, ஆனால் அந்த அறையில் அப்படி ஒரு இரைச்சல். விரல்கள் ஒன்றை ஒன்று முந்தின, புருவங்கள் சண்டை போட்டன. கருவிப் பையை மூட மறந்து நின்றேன். உஷா ஒரு கையால் பேசிக்கொண்டே இன்னொரு கையால் கணவரின் போனில் எனக்குத் தட்டிக் காட்டினார்.

"இப்போ சரியா கேக்குது. அக்கா கத்துறா, வழக்கம்போல."

ஒரு மாடி முழுக்க

பொம்மசந்திராவில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்று. சுற்றிலும் கம்பெனி கட்டடங்களின் தகரச் சுவர்கள். போனில் சிக்னல் ஒரு கோடு, சமயத்தில் அதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே வைஃபை. மதிய நேரம், காலை ஷிப்ட் முடித்த பெண்கள் அறைக்கு அறை படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேவதி என்ற திருவண்ணாமலைப் பெண் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். நர்சிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இங்கே பேக்கிங் பிரிவில் நிற்கிறவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் நேர்முகத் தேர்வு, இன்னும் சற்று நேரத்தில், வீடியோவில். "அக்கா, போன தடவை பாதியிலயே கட் ஆயிருச்சு. இதான் கடைசி சான்ஸு." இஸ்திரி போட்ட சட்டை, கீழே நைட் பேண்ட்.

அளந்தேன். டேட்டா உதவாது. வைஃபையில் கோளாறே இல்லை. ஒரு குழாயில் மாடி முழுக்கக் குடம் வைத்தால் சொட்டத்தானே செய்யும்? அதைச் சொல்ல மனம் வராமல் சொன்னேன். அவள் முகம் விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து மல்லிகா எட்டிப் பார்த்தாள், அந்த மாடியில் வயதில் மூத்தவள். நடைபாதைக்கு வந்து ஒரே குரல்: "ஏய், எல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணுங்கடி! ரேவதிக்கு இன்டர்வியூ!"

முணுமுணுப்பு வரும் என்று நினைத்தேன். கதவுகள்தான் திறந்தன. சினிமாவைப் பாதியில் விட்டவள், காதலனிடம் "அப்புறம் பேசறேன்" என்றவள், எல்லாரும் வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். என் கையிலிருந்த முள் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. ஒரு கதவு திறந்தால் ஓர் ஏற்றம். என் வேலையில் எத்தனையோ கருவி மாற்றியிருக்கிறேன். எந்தக் கருவியும் முள்ளை அப்படி ஏற்றியதில்லை. போனில் பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லாரும் ரேவதி உள்ளே போய் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. "செலக்ட்" என்றாள் ரேவதி, அழுதுகொண்டே. கூச்சல் அடங்கிய பிறகு, "மொதல்ல என்னடி கேட்டாங்க?" என்றாள் ஒருத்தி. "லைன் இவ்ளோ நல்லா இருக்கே, எந்த கம்பெனின்னு கேட்டாங்க."

மல்லிகா தன் வைஃபையை மறுபடி போட்டுக்கொண்டே சொன்னாள்:

"மல்லிகா கம்பெனின்னு சொல்ல வேண்டியதுதானே?"

அலைக்கு வழியில்லை

காக்ஸ் டவுனில் பழைய காலத்துக் கல்வீடு. எஸ்தர் டீச்சரின் அம்மா இறந்துபோயிருந்தார். தம்பி சாமுவேலுக்குக் கனடாவிலிருந்து விமான டிக்கெட் கிடைக்கவில்லை. அவர் வீடியோவில் அம்மாவைப் பார்க்க வேண்டும், அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாட வேண்டும். வைஃபை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கனத்த சுவருக்குள் டேட்டா நுழையவே இல்லை. வைஃபை கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் அருமையாக வந்தது. தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் அங்கேயே நின்றேன்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டீச்சரின் அம்மா அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவராம். கூடம் நிறைந்தது, வராந்தா நிறைந்தது. ஜெபம் தொடங்கும் நேரம், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த லேப்டாப்பில் சாமுவேலின் முகம் உறைந்துவிட்டது. முள்ளைப் பார்த்தேன், தரையில் கிடந்தது. காலையில் இருந்த ரவுட்டர்தான், அதே இடம்தான். கூட்டம் மட்டும்தான் புதிது. அப்போதுதான் உறைத்தது: மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே? தோளோடு தோள் நின்ற அத்தனை பேரும் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியிலிருந்த நீளமான கேபிளை ஓடிப்போய் எடுத்து வந்து ஒரு முனையை ரவுட்டரில் செருகினேன். சவப்பெட்டி வரைக்கும் போக வழியில்லை. மறுமுனையை முன்னால் நின்றவரிடம் கொடுத்து "பாஸ் பண்ணுங்க" என்றேன். கறுப்புக் கோட்டுகளுக்கும் வெள்ளைப் புடவைகளுக்கும் மேலே கை மாறிக் கை மாறிக் கேபிள் போனது. டீச்சர் வாங்கி லேப்டாப்பில் செருகினார். சாமுவேல் அசைந்தார். "அம்மா" என்றார்.

பாடும்போது இன்னொரு சிக்கல். கேபிளானாலும் கனடாவிலிருந்து குரல் வரக் கொஞ்சம் தாமதமாகுமல்லவா? சேர்ந்து பாடினால் அவர் ஒரு சொல் பின்தங்கினார். போதகர் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினார். சாமுவேல் ஒரு வரி தனியாகப் பாடினார். அது வந்து சேர்ந்து முடிந்த பிறகு அத்தனை பேரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். வரிக்கு வரி அப்படியே. கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்து இறங்குவதற்கு ஒரு வீடே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. நான் ரவுட்டர் பக்கத்தில் கேபிளைப் பிடித்தபடி அழுதேன்.

பிறகு டீச்சரிடம், காலையில் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்குன்னு வந்தவங்க அவ்வளவு பேரும்மா. அலைக்கே வழி கெடைக்கலைன்னா பாரேன்."

ஆக, போன் டேட்டாவா வீட்டு வைஃபையா, எது வேகம் என்று யாராவது கேட்டால், நடுவில் யார் நிற்கிறார்கள், யார் நகர்ந்து கொடுப்பார்கள் என்று விசாரிக்காமல் நான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.