விட்டுப்போனவன் நான்

மணமுறிவு என்றால் கூச்சலும் அழுகையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. மனைவி பாலர் பாடசாலை ஆசிரியை. பத்து வருடங்களுக்கு மேல் ஒன்றாக இருந்துவிட்டு, ஒரு காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அவள் சொன்னாள்: "இனி ஏலாது. பிரிஞ்சிடுவம்."

"ஓம்," என்றேன். அது அவ்வளவு இலேசாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.

இருவரும் சம்மதித்தால் போதும் என்று நம்பித்தான் சட்டத்தரணியிடம் போனோம். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"சம்மதம் எண்டு சொல்லி எங்கட சட்டத்திலை பிரிக்க ஏலாது. ஆராவது ஒராள் பிழை செய்திருக்கவேணும். வேற தொடர்பு, இல்லாட்டி வேணுமெண்டே விட்டுட்டுப் போனது. எதைப் போடுறது?"

மகளுக்கு அப்போது எட்டு வயது. தாயைப் பற்றி ஊரில் ஒரு கதை வரக்கூடாது என்று நினைத்து, "நான் விட்டுட்டுப் போனதெண்டு போடுங்கோ," என்றேன். அடுத்த வாரமே உப்புவெளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போனது. அதற்குள் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. என்னோடு வேலை செய்பவரின் மனைவி சந்தையில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா தொலைபேசியில், "என்னத்துக்கடா அந்தப் பிள்ளையை விட்டுட்டு வந்தனீ?" என்று அழுதார். சட்டத்துக்காகச் சொன்னது என்று விளக்கத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

வழக்குப் போட்டது அவள்; நான் எதிர்க்காததால் விசாரணைக்கு வரத் தேவையில்லை என்றார் சட்டத்தரணி. ஆனாலும் போனேன். காணி வழக்குகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு நடுவே, கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். அவள் கூண்டில் ஏறினாள். நாங்கள் பேசிவைத்தது இரண்டு மூன்று வசனங்கள்தான். அதைச் சொல்லி முடித்தாள். பிறகு, யாரும் கேட்காமலே தொடர்ந்தாள்.

"அவர் வீட்டிலை இருந்தாலும் இல்லாத மாதிரித்தான். எனக்கு டெங்கு வந்து கிடக்கேக்க, பக்கத்து வீட்டு அக்காதான் கஞ்சி வைச்சுத் தந்தவ. இவர் அடுத்த அறையிலைதான் இருந்தவர்."

நீதிமன்றத்துக்காக அவள் அதைச் சொல்லவில்லை. குரல் உடைந்திருந்தது. அவளுக்கு டெங்கு வந்ததே எனக்கு நினைவில்லை. எந்த வருடம், எந்த மழைக்காலம் என்று அந்த வாங்கில் இருந்தபடியே தேடினேன். இப்போதும் தேடுகிறேன். ஒன்றும் வரவில்லை. பொய்யென்று நினைத்து நான் ஏற்றுக்கொண்ட குற்றத்தை, அவள் உண்மையென்று நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்.

வெளியே, மதில் நிழலில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு படுத்திருந்தன. அவள் என் அருகில் வந்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

பழக்கத்தில் வந்த கேள்வி. கேட்டவுடன் அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் சாப்பிடவில்லை. "ஓம்," என்றேன். அவளுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப, பின்னால் ஏறிப் போய்விட்டாள்.

சில மாதங்களில் தீர்ப்பு இறுதியானது. அன்றைக்கு ஒரு பாரம் இறங்கும் என்று படகில் ஒருவர் சொல்லியிருந்தார். எதுவும் இறங்கவில்லை. அன்று ஒரு கப்பலைத் துறைக்கு இழுத்து வந்தோம்; கயிற்றைக் கட்டினேன்; அறைக்கு வந்து படுத்தேன்.

மகள் ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் வருகிறாள். முதல் தடவை வந்தபோது, செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். வெயிலில் வந்ததால் முகம் சிவந்து வியர்த்திருந்தது. சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, ஃபேனைப் போடட்டோ?"

அந்நியர் வீட்டுக்குப் போனால் அப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள் இருவரும்தான்.