தூணின் கடைசிப் பெயர்

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில், சுதந்திரப் போராட்டத் தியாகிகள் தூணில் மங்கிய பெயர்களுக்குப் பெயின்டர் கறுப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். எனாமல் வாசனை என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

கூலித் தகராறில் ஊரே இரண்டுபட்டிருந்த வருஷம் அது. அப்பா பண்ணையாள். மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். படிக்கத் தெரியாதவர், புதிதாக வைத்த தூணின் பெயர்களை என்னைப் படிக்கச் சொன்னார். சாதிப் பட்டம் ஒட்டிய பெயர்களாகப் படித்துக்கொண்டே வந்தேன். மிராசுதாரே வந்து நின்றதுபோலத் துண்டு அக்குளுக்குப் போயிருந்தது. கடைசியில் வெறும் 'காத்தான்'.

"இன்னொரு தடவ படிம்மா."

"காத்தான்."

"நம்ம ஆளாத்தான் இருக்கணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கடைசிப் பேரு சுத்தமா அழிஞ்சிருக்குங்க. உங்களுக்குத் தெரியுமா?" என்றார் பெயின்டர்.

எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"சொந்தக்காரருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.