ஒற்றை றெக்கை

முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் என் புருஷனுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூத்தையல் படித்தவள். ஷாப்பு மேனேஜர் துரையின் பங்களாவுக்குத் திரைச்சீலை, மேஜை விரிப்பு எல்லாம் நான்தான் தைத்துக் கொடுப்பேன்.

அந்த ஷாப்புக்கு மேற்பார்வை பார்க்க ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், வந்து சேர்ந்தார். அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். இடது கால் மடங்காது. யுத்தத்தில் ஏரோப்ளேனில் போனவர் என்று சொன்னார்கள். கூலியாட்கள் மேல் கை வைக்காத துரை அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

ஒரு மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு துணித்துண்டை நீட்டினார். கறுப்புத் துணியில் வெள்ளைப் பட்டு நூலால் தைத்த ஒரே ஒரு றெக்கை. அதன் அடியில் வட்டமாக இங்கிலீஷ் எழுத்து ‘ஓ’.

“இது ஏரோப்ளேன் ஓட்டறவன் கூட உக்காந்து வேவு பாக்கறவனுக்குக் குடுக்கறது. ஓட்டறவனுக்கு ரெண்டு றெக்கை, நடுவுல மாலை, மேல கிரீடம். எனக்கு அது ஒண்ணு தெச்சுக் குடும்மா” என்றார். பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படமும் வைத்திருந்தார்.

“எதுக்குங்க?”

“கிளப்புல பேஜார் பண்றாங்க. இன்னொரு றெக்கைய மாடு தின்னுடுச்சான்னு கேக்கறாங்க. ஓட்டுனவன் மேல பறக்கறப்பவே செத்துட்டான். பின்னால இருந்து நாந்தான் கீழ எறக்கினேன். சொன்னா யாரு நம்பறாங்க?”

அது நிஜமா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன்.

பத்து நாள் பிடித்தது. ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக, அடியில் பஞ்சு வைத்து, நூல் நூலாக அடுக்கினேன். புதுப் பட்டு கண்ணைப் பறித்தது. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நனைத்துக் காய வைத்தேன். பழைய நிறம் வந்துவிட்டது. அதைப்போல ஒரு வேலை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை.

நவம்பரில், யுத்தம் நின்ற நாளைக் கொண்டாடும்போது, பழைய பட்டாளத்துக் கோட்டில் அதை என்னையே தைக்கச் சொல்லி, கிளப்புக்குப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மேனேஜர் துரை அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

டிசம்பரில் பங்களாவுக்கு ஒரு விருந்தாளி வந்தார். விமானப் படையில் இருந்தவர். இந்த மாதிரி சின்னங்களைச் சேகரிக்கிறவர். சாயங்காலத் தேநீரின்போது வராந்தா மேஜையில் அவற்றைப் பரப்பி, அசலையும் போலியையும் எப்படிப் பிரித்து அறிவது என்று காட்டிக்கொண்டிருந்தார். மாலைக்குள் என்ன எழுத்து இருக்கிறது, கிரீடம் எந்த வடிவம், பின்பக்கம் நூல் எப்படி ஓடுகிறது என்றெல்லாம் விளக்கினார். நான் மூலையில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் துரை ஆள் அனுப்பி, சட்டைக்காரரைக் கோட்டோடு வரச் சொன்னார்.

விருந்தாளி பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். “சந்தேகமே இல்லை. லண்டன் கடை வேலை. இந்த ஊர்க் கைகளுக்கு இந்த நேர்த்தி வராது. இவர்கள் தைத்தால் அறுத்த கோழி மாதிரி இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். துரைசானியும் சிரித்தார். அவருடைய கோப்பைக்கு அடியில் இருந்தது நான் தைத்த விரிப்பு.

எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். “அது நான் தெச்சது” என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதனால் நானே எழுந்து கிட்டே போய், “பிரிச்சுப் பாத்தா பின்னால ஒரு முடிச்சு கூட இருக்காது. ஓரத்தை நனைச்சு மோந்து பாருங்க, ஆவாரம்பட்டை வாசனை வரும்” என்று சொன்னேன்.

விருந்தாளி விரலைத் தண்ணீரில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. மேனேஜர் துரை என் மடியில் இருந்த கத்தரிக்கோலைக் காட்டி, “நீ தைத்ததை நீயே பிரி” என்றார்.

சட்டைக்காரர் கோட்டைக் கழற்றவில்லை. மார்பின் மேலேயே வைத்துப் பிரித்தேன். மூச்சு வாங்கும்போது அவருடைய மார்பு என் விரலில் முட்டியது. “மெதுவாம்மா, கோட்டு கிழிஞ்சிரப் போவுது” என்றார். விருந்தாளி அந்தச் சின்னத்தைப் போலிகள் இருந்த டப்பாவில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே ஷாப்பு முழுக்கச் சட்டைக்காரருக்கு ‘ஒத்த றெக்கை’ என்று பெயராகிவிட்டது. அவர் முதுகைத் திருப்பினால் போதும், ஆட்கள் ஒரு கையை மட்டும் விரித்து அடித்துக் காட்டினார்கள். என் புருஷன் அதில் கெட்டிக்காரன். காலை இழுத்துக்கொண்டே கையை அடிப்பான். வீட்டிலும் செய்து காட்டுவான், நானும் சிரிப்பேன்.

ஒருநாள் அவர் சட்டென்று திரும்பிவிட்டார். சுண்ணாம்பு கிளறும் கழியை எடுத்து என் புருஷனின் காதோடு சேர்த்து அடித்தார். ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. அந்தக் காது அதோடு கேட்காமல் போயிற்று. அன்றிலிருந்து தினம் யாராவது ஒருவன் அடி வாங்கினான். இப்போதுதான் இவன் வேலை கற்றுக்கொண்டான் என்று மேனேஜர் துரை பாராட்டினாராம்.

விருந்தாளி பெங்களூரிலிருந்து கடிதம் போட்டு, அதேபோல இன்னும் இரண்டு கேட்டார். தைத்து அனுப்பினேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மனசு கேட்காமல் சட்டைக்காரரின் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார்.

“இன்னா வேணும்?”

“மன்னிச்சிருங்கன்னு கேக்க வந்தேன்.”

“உன் வூட்டுக்காரனுக்கு இன்னொரு காது இருக்குதில்ல?” என்றார். “போய்டு.”

வந்துவிட்டேன். போனதைப் பற்றிப் புருஷனிடம் சொல்லவில்லை. அவன் அவருக்குக் கீழேயே இன்னும் ஆறு வருஷம் வேலை செய்தான். பிறகு ஆம்பூரில் வேறொரு ஷாப்பில் இடம் கிடைத்து, நாங்கள் குடிபெயர்ந்தோம்.