பீர் பாட்டிலில் இஞ்சித் தண்ணி

எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் துணி மூடிய ஒரு ஜாடி. பக்கத்தில் போனால் இஞ்சியும் சர்க்கரையும் சேர்ந்து லேசாகப் புளித்த வாசனை... காதை வைத்தால் உள்ளே ‘ஸ்ஸ்’ என்று நுரை உடைகிற சத்தம்.

அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். கம்ப்யூட்டர் லேபில் ஆளுக்கு ஒரு வெப் பேஜ் செய்யச் சொன்னார்கள். இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளம், நம் பெயரிலேயே முகவரி. மற்றவர்கள் பிடித்த நடிகர், பிடித்த நிறம் என்று நிரப்பினார்கள். எனக்கு என்னைப் பற்றி எழுத ஒன்றுமே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். வகுப்பில் ‘எஸ் மேம்’ என்பதே எனக்குப் பெரிய பேச்சு.

அதனால் ஜாடியைப் பற்றி எழுதினேன்.

இஞ்சித் தண்ணி போடச் சொல்லிக்கொடுத்தவள் ஷீலா, டவுனிலிருந்து வரும் வகுப்புத் தோழி. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் திராட்சை வைன் போடுவார்கள். “இஞ்சியிலயும் வரும்டி, தோலோட துருவிப் போடு” என்றாள். ஜாடித் தண்ணீரில் தினமும் கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கி வந்தால் ஒருநாள் பொங்கும். அந்தத் தண்ணீரை ஆறவைத்த இஞ்சிக் கஷாயத்தில் எலுமிச்சையோடு கலந்து பாட்டிலில் ஊற்ற வேண்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி பாட்டில் வாயில் இழுத்துக் கட்டுவேன். டியூப் கன்னம் மாதிரி உப்பினால் தயார்.

பாட்டிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பாகூர் தாண்டி இருக்கிறோம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வண்டியில் வருபவர்கள் இங்கே விலை குறைவு என்று கடையில் வாங்கி, எங்கள் கரும்பு வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பாட்டிலை உள்ளே வீசிவிட்டுப் போவார்கள். கரும்பு வெட்டு ஆட்கள் காலைக் கிழித்துவிடுமே என்று அப்பா சாக்கோடு போய்ப் பொறுக்குவார். ஒரு சொட்டு தொடாத மனுஷர், சாக்கு நிறைய பீர் பாட்டிலோடு வீட்டுக்கு வருவார்...

கண்ணாடி கனம், கேஸ் தாங்கும். மோட்டார் கொட்டாய்த் தொட்டியில் ஊறவைத்துத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினேன். வரிசையாக நிறுத்தி ஒரு போட்டோ. ஒன்றிரண்டில் லேபிள் முழுசாகப் போகவில்லை. மேலே தலைப்பு: ‘வீட்டிலேயே தயாரிக்கலாம்’.

அந்தப் பேஜைப் படிக்க எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். தஞ்சாவூர் பக்கத்து அக்கா ஒருவர், “பொங்கவே இல்லையே, எங்கே தப்பு?” என்று கேட்டிருந்தார். “இஞ்சியைத் தோல் சீவினீர்களா?” என்று கேட்டேன். அடுத்த வாரம், “ஆமாம்பா, சீவிட்டேன்! இப்ப பொங்குது!” என்று பதில். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வாய் திறக்காத எனக்கு, அந்த ஒரு பக்கத்தில்தான் குரல் இருந்தது.

பிறகு அது டீக்கடைக்குப் போய்விட்டது. அப்பாவின் பங்காளி, சாயங்காலமானால் தானும் அந்த வரப்பில் பாட்டிலோடு உட்காரும் கோவிந்தன் சித்தப்பா, போனில் போட்டோவைக் காட்டி, “இன்னாண்ணா, பாட்டிலு பொறுக்கறியேன்னு பாத்தேன், வூட்டுலயே கடை போட்டுட்டியா? பொண்ணு பேருல வேற நடக்குது!” என்றாராம். கடையே சிரித்திருக்கிறது.

அப்பா வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “இன்னாமா அது, காட்டு.”

போனைக் கொடுத்தேன். உதடு அசைய, வரிவரியாகப் படித்தார்.

“எடுத்துடச் சொல்லுங்க. பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல இதத்தான் பாப்பான்” என்றாள் அம்மா.

அப்பா எடுக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவேன். அதுதான் பயம்.

“இதுல போதை வருமா?”

“ரொம்ப நாள் வுட்டா வரும்பா. பொங்கன ஒடனே குடிச்சா சோடா மாதிரிதான்.”

“அத எழுதியிருக்கியா?”

எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். படித்தார். போட்டோவுக்கு வந்ததும் நின்றார்.

“பாட்டிலு எங்கேர்ந்து வந்துச்சின்னு எழுதலியே?”

நான் போட்டோவை மறுபடி பார்த்தேன்.

“எழுது. எவன் எவனோ குடிச்சிட்டு எங்க கரும்புல வீசனதுன்னு எழுது. எங்கப்பா குனிஞ்சி குனிஞ்சி பொறுக்கனதுன்னு எழுது. வெட்டு ஆளு காலு கிழியுதுன்னு எழுது.”

“அப்ப... எடுக்க வேணாமாப்பா?”

“எழுதுன்றேன், எடுக்கறதப் பேசற!”

“நல்லாருக்குது, அப்பனும் பொண்ணும்” என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா சொன்னதை அவர் பேச்சிலேயே போட்டோவுக்குக் கீழே எழுதினேன். மறுநாள் டீக்கடையில் சித்தப்பா ஆரம்பித்ததும், “ஆமான்டா, கடதான். பாட்டிலு உங்குளுது, சரக்கு எங்குளுது” என்றாராம் அப்பா. இந்த முறை கடை சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

இப்போது டவுனில் ஒரு ஆபீஸில் வேலை. இதே இஞ்சித் தண்ணி அரை நிமிஷ வீடியோவாக நாளுக்கு நாலு கண்ணில் படுகிறது. ஹார்ட் போட்டுவிட்டுத் தள்ளிவிடுகிறோம். செய்து பார்த்து, பொங்கவில்லை என்று திரும்பி வந்து கேட்பவர்கள் குறைவு. அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன் எழுதியதைக் காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மெயில் வந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. என் செய்முறை, தஞ்சாவூர் அக்கா, எல்லாம் போய்விட்டது.

போன வாரம் அப்பாவிடம் சொன்னேன்.

“அப்ப நாம எழுதனது?” என்றார்.

நாம...

“அதுவும் போயிடுச்சிப்பா.”

என் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“வேற எங்கனா எடம் குடுக்கறானான்னு பாரு. நான் சொல்றேன், நீ எழுது.”